வாரம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்

மருந்துக்கடையில் பத்து வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர்களுக்கு மனிதகுலத்தின் மேல் அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை வந்துவிடும். சொன்னபடி ஒருத்தரும் சாப்பிடமாட்டார்கள் என்கிற நம்பிக்கைதான். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்து நாளைக்கு என்று லேபிள் ஒட்டிக் கொடுத்தால், ஒருவர் இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதென்று மீதியை அலமாரியில் போட்டுவிடுவார். இன்னொருவர் சீக்கிரம் குணமாகட்டும் என்று மூன்றை ஒரே வாயில் போட்டுக்கொண்டு தலை சுற்றக் கடைக்கு வந்து நிற்பார். மூன்றாமவர் தன் மாத்திரையை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டு, "அவருக்கும் இதே தலைவலிதாம்மா" என்பார்.

சின்னவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. முப்பதைத் தொடப்போகிறாள் என்றாலும் வீட்டுக்கு அவள் இன்னும் சின்னவள்தான். கடைவீதி முனையில் இருந்த மருந்துக்கடையில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். மற்ற வேலையெல்லாம் இவளுடையது. எந்த மருந்து எந்தத் தட்டில், எது எப்போது காலாவதி ஆகிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வரிசை என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் செருப்பைக்கூட வலது இடது பார்த்துத்தான் விடுவாள். அப்படிப்பட்டவள், உலகத்திலேயே முதல்முறையாக லேபிளில் உள்ளபடி நடக்கிற ஒரு ஆம்பிளையைப் பார்த்தால் என்ன ஆவாள்? ஆனாள்.

மலைக்காரன் என்பது அண்ணி அவனுக்கு வைத்த பெயர். நாடு முடிகிற இடத்தில், இனிமேல் போனால் அடுத்தவன் மலை என்கிற எல்லையில், ஒரு கம்பெனி சாலை போட்டுக்கொண்டிருந்தது. அதில் பாறைக்குத் துளை போட்டு வெடி வைக்கிற வேலை அவனுக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் இறங்கி வந்தபோது தீக்காயக் களிம்பும் காதில் வைக்கப் பஞ்சும் வாங்கக் கடைக்கு வந்தான். ஏற்கெனவே காதில் பஞ்சு இருந்தது. விலையை மூன்று தடவை கேட்டான்; மூன்றாவது தடவை சின்னவள் கத்தித்தான் சொன்னாள். மற்றவர்களுக்குக் கடைசியில் வருகிற கத்தல் இவர்களுக்கு முதலிலேயே முடிந்துவிட்டது. அதனால் இனி எல்லாம் சுகம்தான் என்று அவள் நம்பியதில் தப்பில்லை.

அதற்கப்புறம் மூன்று லீவு வந்து போனது. ஒவ்வொரு லீவிலும் "அடுத்த லீவுல உங்க வீட்ல வந்து பேசறேன்" என்றான். நல்ல வார்த்தைதான். அதில் 'அடுத்த' என்பது மட்டும் நகராமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மலையில் போன் எடுக்காது. மேலே ஏற ஒரே வழி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரிசி, டீசல், வெடிமருந்து ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி லாரி. கடிதமும் அதில்தான் போகும். ஆனால் கீழே வருவதற்குத் தட்டுப்பாடு இல்லை. முறைவைத்து வாரம் ஒரு ஆள் லீவில் நடந்து இறங்குவான். எல்லோருடைய கடிதமும் அவன் பையில் வந்துவிடும். ஆக, அவன் எழுதுவது வாரா வாரம் வரும். இவள் வாரா வாரம் எழுதுவது இரண்டு மாதம் சேர்ந்து, ஒன்பது கடிதமாய், ஒரே கட்டாகப் போகும்.

ஒரு தடவை கட்டை அனுப்பும்போது விளையாட்டாக ஒரு காரியம் செய்தாள். உறைகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு, நூல் கட்டி, மேலே கடை லேபிள் ஒன்றை ஒட்டினாள். 'வாரம் ஒன்று. ஞாயிறு காலை. சாப்பாட்டுக்குப் பின்.'

அவனுடைய பதில் வந்தது. "உன் உத்தரவுப்படி வாரம் ஒண்ணுதான் பிரிக்கிறேன். சாப்பிட்டு, கை கழுவி, பெட்டி மேல உக்காந்து படிக்கிறேன். மத்தவனுங்க லாரி வந்த அன்னிக்கே எல்லாத்தையும் கிழிச்சுப் படிச்சுட்டு, மிச்ச நாளெல்லாம் வானத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கானுங்க. எனக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ புதுசா வர்ற."

சின்னவள் அன்றைக்கு மூன்று பேருக்கு மருந்து மாற்றிக் கொடுக்கப் பார்த்தாள். சாயங்காலம் அண்ணியிடம் அந்த வரியை மட்டும் விரலால் மறைக்காமல் காட்டினாள்.

அண்ணி நல்லவள்தான். வாய்தான் கொஞ்சம் தனியாகக் குடித்தனம் நடத்தும். "அது சரி. அவசரமா ஏதாவது எழுதினா என்ன பண்ணுவாரு உன் மலைக்காரரு?" என்றாள்.

"காதல்ல என்ன அண்ணி அவசரம்?"

இப்படிப்பட்ட கேள்விகளை வாய்விட்டுக் கேட்கக்கூடாது. கேட்டால் பதில் தேடிக்கொண்டு வரும்.

அடுத்த கட்டு போவதற்கு ஒரு வாரம் முன்னால் பதில் வந்தது. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் ஒருவர் சின்னவளைக் கடையில் பார்த்திருக்கிறார். அவருடைய அக்கா அம்மாவிடம் வந்து பேசிவிட்டுப் போனாள். இன்னும் ஏழு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு பெண் பார்க்க வருவதாகத் தேதி சொன்னாள். அம்மாவுக்கு அந்த மனிதரிடம் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. "மாசாமாசம் சொன்ன தேதிக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவன்டி. அதுவே எனக்குப் போதும்."

"அம்மா, நான்தான் சொல்லியிருக்கேனே."

"சொல்லியிருக்க. ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்க. அவர் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், மறுபேச்சு பேசாம சம்மதிக்கிறேன். வர முடியலையா, வரேன்னு எழுதட்டும், அதையும் ஒத்துக்கறேன். ரெண்டும் இல்லைன்னா, வராத ஆளுக்காக வர்ற ஆளை எத்தன நாள் வாசல்ல நிக்க வெக்கறது?"

அம்மாக்கள் இப்படி நியாயமாகப் பேசிவிட்டால் மகள்களுக்குச் சண்டை போடக்கூட வழி இல்லாமல் போய்விடுகிறது.

இதற்கு நடுவில், லாரி கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, மேல் தட்டிலிருந்து கட்டுத்துணி எடுக்க ஏணியில் ஏறியவள் கால் வழுக்கிக் கீழே விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஒன்பதாவது கடிதத்தை இடது கையால் எழுதினாள். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆனது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "வருவீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தை போதும். மாட்டேன்னாலும் சொல்லிடுங்க, நான் தாங்கிப்பேன். தெரியாம இருக்கறதுதான் முடியல." அடியில், "எழுத்து கோணலா இருக்கும். ஏணிலேருந்து விழுந்து வலது கை உடைஞ்சிருக்கு" என்று முடித்தாள்.

பிறகு என்ன செய்தாள்? எட்டாவது உறைக்கு அடியில், ஒன்பதாவது எண் போட்டு, ஒழுங்காக வைத்தாள். நூல் கட்டினாள். போன தடவை மாதிரியே லேபிள் ஒட்டினாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடிதத்தை மேலே வைத்திருப்பார்கள், அல்லது உறை மேல் 'அவசரம்' என்று எழுதியிருப்பார்கள். சின்னவளுக்கு ஒன்பது என்றால் எட்டுக்குப் பின்னால்தான். தீப்பிடித்தாலும் வரிசையாகத்தான் ஓடுவாள். லாரி போய் ஒரு வாரம் கழித்து, "முதல் கடிதம் படிச்சேன், மிச்சம் எட்டும் தலைமாட்டுல பத்திரமா இருக்கு" என்று அவன் எழுதியதைப் படித்தபோதுதான் கையில் இருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அவர்கள் வருவது ஆறாவது வாரம். அவன் ஒன்பதாவதைப் பிரிப்பது ஒன்பதாவது வாரம்.

அண்ணி சிரிக்கவில்லை. அந்த அளவுக்கு நிலைமை மோசம். "இலவு காத்த கிளின்னு சொல்லுவாங்க. இங்க மரமே லேபிள் ஒட்டி நிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் வந்த வாரங்களைச் சின்னவள் எப்படிக் கழித்தாள் என்பதை எதிரிக்கும் சொல்லக்கூடாது. வீட்டில் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகளுக்கு உறை தைத்தாகிவிட்டது. மலையிலிருந்து கடிதம் தவறாமல் வந்தது. கடையில் பூனை குட்டி போட்டதைப் பற்றி அவள் இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தாள். குட்டிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவன் ஒன்றரைப் பக்கம் யோசித்திருந்தான். நான்காவது கடிதத்தில், கனவெல்லாம் வருமா என்று சும்மா கேட்டிருந்தாள். நான்கு பக்கம் எழுதினான். முன்னெல்லாம் ஒரு பக்கத்தைத் தாண்டாத ஆள். தனக்குப் பதிலாக வேண்டியது ஒரே வார்த்தை. வருவது பக்கம் பக்கமாகக் கனவு என்று நினைக்கும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். தப்பு தன்னுடையது. தான் எழுதிய சீட்டு, தானே ஒட்டிய லேபிள். நோயாளியைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவர்கள் வருவதற்கு ஆறு நாள் இருந்த திங்கட்கிழமை காலை, கம்பெனியின் ஊர் அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகம் என்பது ஒரு நீள அறை, இரண்டு மேஜை, ஒரு கிளார்க். மூலையில் மேலே பேசுவதற்கான வயர்லெஸ் பெட்டி ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிளார்க் அவளுக்குப் பழக்கமான வயிற்றுக்காரர். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் பின்னாலும், பின்னால் போட வேண்டியதை முன்னாலும் போட்டுக்கொண்டு, மருந்து சரியில்லை என்று மாதம் ஒருமுறை அவளிடம் புகார் சொல்கிறவர்.

"வயர்லெஸ்ல ஒரு சேதி சொல்லணும் சார்."

"சாவா, பிறப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார் நிமிராமல்.

"மூணும் இல்ல."

"அப்ப சேதியே இல்லம்மா. மூணுதான் அனுமதி. மேலேருந்து உத்தரவு."

"ஒரே ஒரு வரி சார். ஒன்பதாவது கடிதத்தை உடனே பிரிங்கன்னு."

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் மகள்கள் உண்டு. பார்வை அவளுடைய மாவுக்கட்டில் வந்து நின்றது. "கைல என்ன?"

"அஞ்சு வாரம் முன்னாடி உடைஞ்சுது."

"உடைஞ்சுதுன்னா உடம்பு சரியில்லைதானே? ஃபாரத்துல எப்ப உடைஞ்சுதுன்னு கேக்கல." அவர் ஃபாரம் தேடி ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்தார். முதலில் கிடைத்தது வேறு ஒன்று. "இந்தா, காலைலதான் லீவு ஆள் இறங்கினான். உனக்கு வந்திருக்கு."

வழக்கமான உறை. 'ஐந்தாவது கடிதத்துக்குப் பதில்' என்று ஓரத்தில் எழுதியிருந்தான். அவளுக்குப் பிடிக்கும் என்று அப்படி எழுதுவான். பெஞ்சில் உட்கார்ந்து, பல்லால் உறையைக் கிழித்தாள்.

ஐந்தாவது கடிதத்தில் அவள் எழுதியிருந்தது, கடையில் புது எடை மெஷின் வந்ததைப் பற்றியும் அதில் ஏறி நின்றுவிட்டு மெஷின் பொய் சொல்கிறது என்று சண்டை போட்ட ஒரு அம்மாவைப் பற்றியும். அதற்கு நன்றாகச் சிரித்து எழுதியிருந்தான். மலையில் சிமெண்டு மூட்டை நிறுக்கும் தராசில் தான் ஏறி நின்ற கதை. பனி கொட்டுகிறது. வேலை தாமதம். அடுத்த லீவு எப்போது என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்து, பேரும் எழுதிய பிறகு, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி.

"கட்டு போட்ட கைல தண்ணி படாம பாத்துக்கோ. வலி ராத்திரில அதிகமா இருக்கா?"

சின்னவள் அதைப் படித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாவது கடிதத்துக்குப் பதில். ஐந்தாவது கடிதம் எழுதியபோது அவளுடைய இரண்டு கையும் நன்றாக இருந்தன. ஆறும் ஏழும் எட்டும் எழுதியபோதும்தான். அதற்குப் பிறகு லாரி மேலே போகவில்லை. போன் இல்லை. வயர்லெஸ் இன்னும் துண்டுக்குள்தான் இருக்கிறது. கை உடைந்த சேதி மலைக்குப் போனது ஒரே ஒரு தாளில். அந்தத் தாளில்தான் அந்தக் கேள்வியும் இருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை ஐந்து வாரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்து, கடைசியில் அன்பாக ஒரு வார்த்தை கேட்கப்போய்க் கெட்டது.

ஆக, லாரி வந்த அன்றைக்கே, மற்றவர்களைப் போலவே, நூலை அறுத்து ஒன்பதையும் படித்திருக்கிறான். ஒருவேளை போன கட்டையும் அப்படித்தான் படித்திருப்பான். படித்துவிட்டு, ஒன்பதுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், லேபிளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். மலையை வெடி வைத்துப் பிளக்கிற ஆளுக்கு ஒளிந்துகொள்ள இரண்டு அங்குலக் காகிதம் போதுமாக இருந்திருக்கிறது. ஒன்பதாவது ஞாயிறு வரும்போது இங்கே எல்லாம் தானாக முடிந்திருக்கும். அப்போது பிரித்து, 'ஐயோ, இப்பத்தான் பாத்தேன்' என்று நாலு பக்கம் அழுதிருப்பான். அவளும் தன் லேபிளைத்தான் நொந்துகொண்டு சாகிறவரை இருந்திருப்பாள்.

அந்தக் கடைசி வரி பொய் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. கை வலிக்குமே என்று நிஜமாகவே நினைத்திருக்கிறான். நினைக்காமல் இருந்திருந்தால் மாட்டியிருக்கவே மாட்டான். பிரியம் இருந்தது, அதோடு எழுந்து நிற்க முதுகெலும்புதான் இல்லை.

"கிடைச்சுது," என்று கிளார்க் ஃபாரத்தைத் தூசி தட்டி வைத்தார். "என்ன சொன்ன, ஒன்பதாவது கடிதத்தை உடனே..."

"மாத்திக்கலாமா சார்? 'கை குணமாகிவருகிறது. ஒன்பதாவது கடிதத்தை இனிப் பிரிக்க வேண்டாம்.' இவ்வளவுதான்."

"பிரிக்கச் சொல்லத்தானே வந்த?"

"அவருக்குப் புரியும்."

கிளார்க் பேனாவைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். "குணமாகுதுன்னா உடம்பு சரியில்லைங்கறதுல போட முடியாதேம்மா. அதோட இன்னொன்னு. உடம்பு சேதி எல்லாம் மேல நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க, முகாமே படிக்கும்."

"ஒட்ட வேணாம். நேர்ல அவர் காதுல விழணும்."

"ஆளை நேர்ல கூப்பிட்டுச் சொல்றதுன்னா, அது சாவுச் சேதிக்கு மட்டும்தான்."

"அப்ப அதுலயே போடுங்க சார்."

"இறந்தவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கே."

"கோடு போட்டு விட்டுடுங்க."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கோடு போட்டார். துண்டை எடுத்துவிட்டுப் பெட்டியை முடுக்கினார். கரகரப்புக்கு நடுவே மேலே இருந்தவன் 'சாவா?' என்று கேட்டு, யாரையோ கூப்பிடச் சொல்லிக் கத்தினான். கிளார்க் சேதியை இரண்டு தடவை படித்தார்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒன்பது கடிதத்துக்கும் வராத வேகம். கிளார்க் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, தாளில் எழுதியதைத் தயங்கித் தயங்கிப் படித்தார்.

"'எப்படித் தெரிஞ்சது?' அவ்வளவுதான் சொல்றாரு."

வருகிறேன் என்று இல்லை. மன்னித்துக்கொள் என்றுகூட இல்லை. எங்கே மாட்டினோம் என்று தெரிய வேண்டுமாம். சின்னவளுக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் கோணி, கண் நிறைந்துவிட்டது.

"லைன்ல இருக்காரும்மா. என்ன பதில் சொல்ல?"

"பதில் வரிசைப்படி வரும்னு சொல்லுங்க," என்றாள்.

படியிறங்கிக் கடைவீதி வரைக்கும் அழுதுகொண்டே போனாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதாள். இரண்டு வருடமாக அந்த ஆள் மேல் வைத்திருந்த ஆசை அத்தனையும் உண்மை. அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடை வாசலில் மூக்கைச் சிந்தி முகம் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நாள் மாத்திரையை இரண்டு நாளில் முடித்துவிட்டு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அரை மணி நேரம் திட்டுவாள். அன்றைக்கு, "இந்தத் தடவையாவது சொன்னபடி சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள். அவர் பயந்துபோய்த் தலையாட்டினார்.

சாயங்காலம் அம்மா நாற்காலி உறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணி வாயைத் திறக்காமல் இருந்தாள். அது அந்த வீட்டில் பெரிய விஷயம்.

"பதில் வந்துச்சா?" என்றாள் அம்மா.

"வந்துடுச்சு. அஞ்சு வாரமாவே வந்துட்டுதான் இருந்திருக்கு. எனக்குத்தான் படிக்கத் தெரியல."

அம்மா உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப ஞாயித்துக்கிழமை அவங்களை வர வேணாம்னு சொல்லிடவா?"

"வரட்டும். வந்து உக்காந்து பேசட்டும். பிடிச்சா சொல்றேன், பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லுவேன்." சின்னவள் இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆனா இந்தத் தடவை வேணாம்னு சொன்னா அது எனக்காகச் சொல்றதா இருக்கும்மா. இத்தன நாள் வேற ஆளுக்காகச் சொல்லிட்டிருந்தேன்."

அம்மா மிச்சமிருந்த உறையில் ஒன்றை அவளிடம் கொடுத்தாள். ஒரு கையால் மாட்ட வரவில்லை. அண்ணி வந்து அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டாள்.